தட்டுமுட்டுக் கணக்கு

ஆறாம் நம்பர் அறையின் சாவி வழக்கம்போல ஜன்னல் திட்டில் கிடந்தது. சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்த கையோடு நான்கு பையன்களும் கிளம்பிவிட்டார்கள். ஒடிசாக்காரர்கள். வாடகை பாக்கி இல்லை. அட்வான்ஸில் கரண்டு பில் போக மீதியை முதல் நாளே வாங்கிக்கொண்டாயிற்று. வல்லக்கோட்டையில் எனக்கு அத்தை முறையாகும் ஒருவருக்கு எட்டு அறை கொண்ட லைன் வீடு இருக்கிறது. தை மாதத்து ஞாயிறு ஒன்றில் முருகன் கோயிலுக்கு வந்தவன் அப்படியே அவரைப் பார்க்கப் போனேன். துடைப்பமும் சாக்குப் பையுமாக அவர் அந்த அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

பத்துக்குப் பத்து அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கதவுக்குப் பின்னால் நீல பக்கெட் இரண்டு; ஒன்றுக்குக் கைப்பிடி போய்க் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. மூலையில் சுருட்டி நிறுத்திய பிளாஸ்டிக் பாய் மூன்று. நாலு சுவரிலும் ஆணி, ஆணியிலெல்லாம் கொசுவலை கட்டிய சணல் கயிற்றின் அறுந்த நுனி. ஸ்லாப்பின் மேல் சப்பாத்திக் கட்டையும் பலகையும், அடியில் இரண்டு விரற்கடை கடுகெண்ணெய் மிஞ்சிய பாட்டில், மஞ்சள்பொடி டப்பா, பாதி தேய்ந்த துணி சோப்பு. வெளித் திண்ணையில் மூக்கின் தோல் உரிந்து உள்ளிரும்பு தெரியும் சேஃப்டி ஷூ ஒரு ஜோடி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, அதில் செருகியபடியே ஒரு சார்ஜர். கண்ணாடி பதித்த சிறு அலமாரிக்கு மேலே ஆணியில் பூரி ஜெகந்நாதர் படம், சட்டம் போட்டது. அதே ஆணியில் அட்டை இல்லாத அடையாள அட்டை நாடா.

நான் நோட்டை எடுத்து இதையெல்லாம் குறிக்கத் தொடங்கியதும் அத்தை நிமிர்ந்து பார்த்தார். “இன்னாப்பா, குப்பைய போயி எழுதிக்கினு கீற?”

ஆனால் குப்பை என்று அவர் எதையும் பெருக்கித் தள்ளவில்லை. கை தானாகப் பிரித்தது. பக்கெட், பாய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சப்பாத்திக் கட்டை எல்லாம் அறையிலேயே ஒதுங்கின, அடுத்து வருபவர்களுக்கு. ஷூ, பாட்டில், துருப்பிடித்த ஸ்டவ் பர்னர் எல்லாம் சாக்குக்குள் போயின, காயலான் கடைக்கு. ஜெகந்நாதரை மட்டும் முந்தானையால் துடைத்துத் திண்ணையில் சாய்த்து வைத்தார்; அது மரத்தடிக்கு. மூன்றே வகை. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

வீட்டுச் சாமான்களில் தனியாகப் பெயர் சொல்லி எண்ணத் தகுதியில்லை என்று நாம் நினைப்பவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: தட்டுமுட்டு. கல்யாணச் சீர் வரிசைக்குப் பட்டியல் உண்டு, அடகுக் கடைக்குச் சீட்டு உண்டு, உயிலில் அண்டா குண்டாவுக்குக்கூட இடம் உண்டு. தட்டுமுட்டுக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவிலுள்ள இந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் எத்தனை கார், எத்தனை டயர், எத்தனை செல்போன் உற்பத்தியாகின்றன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அவற்றைச் செய்பவர்கள் காலி செய்துபோகும் அறைகளில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால், அவர்கள் இங்கே எந்த நிபந்தனையின்பேரில் வாழ்ந்தார்கள் என்பது அந்தக் கணக்குகளைவிடத் துல்லியமாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

தொல்லியல்காரர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் மைக்கேல் ஷிஃபர் 1972இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் மனிதர்கள் விட்டுச்செல்லும் பொருள்களை மூன்றாகப் பிரித்தார். பயன்படுத்திய இடத்திலேயே போட்டது ஒன்று. வேறிடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டியது இன்னொன்று. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: உழைக்கும் நிலையில் இருந்தும், இடத்தைக் காலி செய்யும்போது எடுத்துப்போகாமல் விட்டது. அது கழிவும் அல்ல, உடைமையும் அல்ல. ஒரு பொருள் இந்த மூன்றாம் வகையில் விழுவதற்குக் காரணம் அதன் தரம் அல்ல என்பதே இங்கே முக்கியம். போகுமிடம் எவ்வளவு தூரம், தூக்கிப்போக என்ன செலவு, அங்கே புதிதாக வாங்க என்ன விலை, கிளம்ப எவ்வளவு நேரம் கிடைத்தது, திரும்பி வரும் எண்ணம் உண்டா, இவைதான் தீர்மானிக்கின்றன.

ஆறாம் நம்பர் அறைக்கு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம். ரயிலில் இரண்டாம் வகுப்புப் பயணி கட்டணமின்றிக் கொண்டுபோகக்கூடிய சுமை 35 கிலோ. ஸ்லீப்பர் வகுப்பில் 40. இது சட்டத்தின் எடை. முன்பதிவில்லாப் பெட்டியின் எடை வேறு: மடியில் வைத்துக்கொள்ள முடிந்த ஒரு பை, காலுக்கடியில் திணிக்க முடிந்த ஒரு பை. சென்னையிலிருந்து புவனேஸ்வரத்துக்கு ஏறத்தாழ ஒரு பகல், ஓர் இரவு. அந்தக் கூட்டத்தில் இருபது லிட்டர் பக்கெட்டைக் கொண்டுபோகிறவன், வழியில் அதன்மேல் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பினால்தான் கொண்டுபோவான். சப்பாத்திக் கட்டை எடையில் ஒன்றுமில்லை. ஆனால் போகுமிடம் அம்மாவின் சமையலறை. அங்கே கட்டை இருக்கிறது. ஆண்பிள்ளைகள் நாலு பேர் தங்களுக்குத் தாங்களே ரொட்டி தேய்த்துச் சாப்பிட்ட காலத்தின் சாமான் அது. ஊரில் அதற்கு வேலையில்லை.

எடுத்துப்போனவற்றையும் பார்க்க வேண்டும், அவை அறையில் இல்லாததால் தெரிகின்றன. போன், அதன் இரண்டாவது சார்ஜர், ஆதார், ஜீன்ஸ், புது ஷூ. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வாங்கிய மிக்ஸியை அட்டைப் பெட்டியோடு எடுத்துப்போவார்கள் என்றார் அத்தை. அது அம்மாவுக்கோ அக்காவுக்கோ. அதாவது தான் பயன்படுத்தியது நின்றுவிடுகிறது, பயன்படுத்தாதது பயணம் போகிறது. ஐந்து கிலோ சிலிண்டர் போகாது. ரயிலில் ஏற்ற முடியாது. அதைப் பக்கத்து அறைக்காரன் பாதி விலைக்கு வாங்கிக்கொள்வான், அல்லது வாடகை பாக்கிக்கு ஈடாக வீட்டுக்காரர் பிடித்து வைத்துக்கொள்வார்.

நம் பக்கத்தில் வீடு மாற்றுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆடியில் மாற மாட்டோம், மார்கழியில் மாற மாட்டோம். புது வீட்டுக்குள் முதலில் சாமி படமும் குத்துவிளக்கும் போகும், நிறைகுடம் போகும், உப்பும் மஞ்சளும் அரிசியும் போகும், பால் பொங்கும். பழைய வீட்டுக்கும் மரியாதை உண்டு. எங்கள் வீட்டில் பாட்டி காலி செய்த வீட்டை வழித்துத் துடைத்துவிட்டு வர விடமாட்டாள். பிடி அரிசியோ ஒரு கல் உப்போ சமையல்கட்டில் வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். அடுத்து வருபவர்கள் வெறும் வீட்டில் நுழையக் கூடாது என்பாள். பழைய துடைப்பத்தை மட்டும் கூட்டி வரவே கூடாது. எதை எடுப்பது, எதை விடுவது என்பது அங்கே முறையாக இருந்தது. முறை என்றால், நேரம் இருந்தது என்று பொருள். நாள் பார்க்க முடிந்தவர்களுக்குத்தான் அது.

லைன் வீட்டின் பஞ்சாங்கம் வேறு. ஓராண்டுப் பயிற்சி முடியும் நாள், கான்ட்ராக்ட் ஏஜென்சி மாறும் நாள், ஹோலிக்கும் சத் பூஜைக்கும் டிக்கெட் கிடைத்த நாள், ஊரில் தேர்தல் நாள். எல்லோரும் ஒரே நாளில் வீடு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டில் பெயர்பெற்ற உதாரணங்கள் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30இல் முடிகின்றன. ஜூலை 1 அன்று மாண்ட்ரியால் நகரத் தெருவோரங்களில் சோபாவும் மெத்தையும் குவிந்து கிடக்கும். அமெரிக்காவின் பாஸ்டனில் மாணவர்கள் வசிக்கும் ஆல்ஸ்டன் பகுதியில் செப்டம்பர் 1 அதே கதை. தெருவில் கிடைப்பதைப் பொறுக்கிக்கொள்ளும் அந்த நாளுக்கு உள்ளூரில் ‘ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்’ என்றே பெயர். வல்லக்கோட்டையில் அப்படித் தெருவில் எதுவும் கிடக்காது. கிடந்தால் அரைமணி நேரம் தாங்காது என்பது ஒரு காரணம். பொருள் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை என்பது இன்னொன்று.

அந்தக் கட்டுக்கம்பிக் கைப்பிடி போட்ட பக்கெட்டைப் பற்றி விசாரித்தேன். அதை வாங்கியது யார் என்று அத்தைக்கு நினைவில்லை. அதற்கு முன் இருந்த பீகார்ப் பையன்கள் விட்டுப்போனது. அவர்களுக்கு அது ஏற்கெனவே அங்கே இருந்தது. அதற்கும் முன்னால் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன்கள் இருந்தார்கள், அவர்கள் வாங்கியிருக்கலாம். கம்பி போட்டது யார் என்பதும் தெரியவில்லை. மூன்று மொழி பேசியவர்கள் அதில் குளித்திருக்கிறார்கள். வாடகைதாரர்கள் வருகிறார்கள், போகிறார்கள். அந்த அறையில் நிரந்தரமாகக் குடியிருப்பது பக்கெட்தான். தொழிற்சாலைக்குள் ‘பெர்மனென்ட்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பை அறிந்தவர்களுக்கு இது வெறும் வேடிக்கையாகப் படாது.

கிளம்ப நேரம் கிடைத்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். 1982இல் மார்க் ஸ்டீவன்சன் என்பவர் கனடாவின் யூகான் பகுதியில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்க முகாம்களை ஆராய்ந்து எழுதினார். திட்டமிட்டுக் காலி செய்த முகாமில் மிஞ்சுவதும் அவசரமாகக் காலி செய்த முகாமில் மிஞ்சுவதும் வேறுவேறு; திரும்பி வருவோம் என்று நினைத்தவர்கள் விடுவதும் வரமாட்டோம் என்று தெரிந்தவர்கள் விடுவதும் வேறுவேறு. தங்கம் தேடி வந்த ஆண்கள் கும்பலாகத் தங்கிய அந்த முகாம்களுக்கும் நம் லைன் வீடுகளுக்கும் உள்ள ஒற்றுமை நான் தேடிப்போய்ப் பிடித்ததல்ல, தானாக வந்து நிற்கிறது.

இந்தத் தடத்திலேயே இரண்டு வகைக்கும் உதாரணம் கிடைக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. உச்சத்தில் நேரடியாக மட்டும் எட்டாயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். அந்த மூடல் திடீரென்று வந்ததல்ல. வரித் தகராறு, செல்போன் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனபோது ஆலை மட்டும் கைமாறாமல் தனியே நின்றது, விருப்ப ஓய்வு என்று மாதக் கணக்கில் நீண்டு நடந்தது. ஆகவே அறைகள் கொஞ்சம் கொஞ்சமாக, சாமான் சாமானாகக் காலியாயின. இருசக்கர வண்டி விற்றுப்போயிற்று, கட்டில் தோழிக்குப் போயிற்று, பீரோ சரக்கு வண்டியில் ஊருக்குப் போயிற்று. அப்படி வடித்தெடுத்தபின் மிஞ்சுவது உண்மையிலேயே தட்டுமுட்டுதான்.

2020 மார்ச் 24 இரவு அறிவித்த ஊரடங்கு நேர்மாறு. நாலு மணி நேர அவகாசம். தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியது மே 1 முதல்தான். இடம் கிடைத்தவர்கள் கிடைத்த அன்றே கிளம்பினார்கள். அப்போது யாரும் அறையைக் காலி செய்யவில்லை, பூட்டிவிட்டுப் போனார்கள். அத்தை வீட்டில் ஐந்து அறைகள் மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்தன. நாலு அறைக்கு ஆள் திரும்பி வந்தது. ஐந்தாவதற்குப் போன் போட்டால் எண் உபயோகத்தில் இல்லை என்றது. வருஷம் ஒன்று ஆனபின் பூட்டை உடைத்தார். உள்ளே வண்டு மொய்த்த அரிசி மூட்டை, விசிலோடு புது குக்கர், அயர்ன் பண்ணி மடித்த சட்டை இரண்டு, எழுதாத நோட்டு. “நல்ல நல்ல சாமான்பா. அத்த எடுக்க கை வர்ல” என்றார். மூன்று மாதம் திண்ணையிலேயே மூடி வைத்திருந்தாராம். யூகானில் கண்ட விதி இதுதான்: திரும்பி வரும் நம்பிக்கை இருந்தால்தான் நல்ல பொருளை விட்டுப் போவோம். அறையில் எவ்வளவு நல்ல பொருள் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பயணம் எண்ணியபடி முடியவில்லை.

2023 மார்ச்சில் இன்னொரு விதமாக அறைகள் காலியாயின. வடமாநிலத்தவர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள் பலர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துப்போனது. அது எந்த விதிக்குள் அடங்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வதந்தி ஓய்ந்ததும் பலர் வந்துவிட்டார்கள், அவரவர் பக்கெட் அங்கேயே இருந்தது.

இப்படி விட்டுப்போன பொருள் யாருக்குச் சொந்தம்? சட்டத்தைப் புரட்டினால் சுவாரசியமாக இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைக்காரர் தாம் நிலத்தோடு பொருத்தியவற்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது, ஆனால் இடம் அவர் வசம் இருக்கும்வரைதான். சாவியைக் கொடுத்துவிட்டால் உரிமை போயிற்று. ஆக, சுவரில் அடித்த ஆணி கிளம்பும்வரை அவனுடையது, கிளம்பியபின் வீட்டோடு சேர்ந்தது. பக்கெட் அப்படியல்ல, அது சுவரோடு ஒட்டியதில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்து வைத்துக்கொண்டவருக்கு, நம்பி ஒப்படைத்த பொருளை வைத்திருப்பவருக்குள்ள பொறுப்பே உண்டு. உரியவரைத் தக்க முயற்சி செய்தும் கண்டுபிடிக்க முடியாமல், பொருள் கெட்டுப்போகும் நிலையிலோ, பராமரித்த செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினாலோ விற்கலாம். இதெல்லாம் தவறவிட்ட பொருளுக்கு. வேண்டாமென்று விட்ட பொருளுக்குச் சொந்தக்காரரே கிடையாது. தவறவிட்டதா, வேண்டாமென்று விட்டதா என்பது போனவன் மனசில் இருக்கிறது. பூட்டிய அறையின் குக்கரைத் திண்ணையில் மூன்று மாதம் மூடி வைத்த அத்தை எந்தச் சட்டமும் படித்தவரல்ல.

அட்வான்ஸுக்கும் இதில் பங்கு உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கசந்தது. லைன் வீட்டில் நிலைமை வேறு. நான்கைந்து பேர் சேர்ந்து கொடுத்த சிறு அட்வான்ஸ், பாதிப் பேர் மாறிய பிறகு யாருடையது என்பதே குழப்பம். நடுவில் போகிறவன் தன் பங்கை உள்ளே வருகிறவனிடம் வாங்கிக்கொண்டு போகிறான். கூடவே பாயையும் தலையணையையும் விட்டுப் போகிறான். பணமும் பாயும் ஒரே வழியில் கைமாறுகின்றன. ரசீது இரண்டுக்கும் இல்லை.

கண்ணில் படாமல் விட்டுப்போவதும் உண்டு, அதுதான் பெரிது. ஆறாம் நம்பரில் அலமாரித் தட்டுக்கு விரித்திருந்த காகிதம் ஒரு சம்பளச் சீட்டு. அதில் வருங்கால வைப்புநிதிப் பிடித்தம் அச்சாகியிருந்தது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு எண், ஆதாரில் ஒரு பெயர், சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டல், பதிவு செய்த செல்போன் எண் எப்போதோ மாறியாயிற்று. எல்லாக் கணக்குக்கும் ஒரே நிரந்தர எண் என்ற ஏற்பாடு 2014இல் வந்த பிறகும் 2023–24இல் நாடு முழுதும் செயல்படாத வைப்புநிதிக் கணக்குகளில் கிடந்த தொகை 8,500 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் இந்தத் தடத்தின் பங்கு எவ்வளவானாலும், சப்பாத்திக் கட்டையை விட்டுப் போவதும் அந்தப் பணத்தை விட்டுப் போவதும் ஒரே காரணத்தால்தான்: திரும்பி வந்து எடுக்கும் செலவு அதைவிட அதிகம்.

அத்தை டீ போடப் போனபோது நான் கொல்லைப்புறம் போனேன். லைன் வீட்டின் பின்சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் அகலம். அங்கே ஆட்டுக்கல் கவிழ்ந்து கிடந்தது, பக்கத்தில் அம்மி. கூரை இறவாணத்தில் செருகிய நுகத்தடி. கொழுமுனை இல்லாத கலப்பை ஒன்று, செங்கல் முட்டுக் கொடுத்து அதன்மேல் எந்த அறைக்காரரோ ஷூ காயவைத்திருந்தார். இரும்புப் பட்டை போட்ட மரக்கால் ஒன்றில் துணிக் கிளிப்புகள். இவையும் காலி செய்தபோது மிஞ்சியவைதான். வீட்டை அல்ல, நிலத்தை.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். ஏரிப் பாசனத்து நஞ்சையும் மானாவாரிப் புஞ்சையுமாக இருந்த இந்தப் பக்கத்தில் ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர் லாரி, பிறகு வல்லம் வடகால் பூங்கா என்று அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. நிலம் எடுக்கவென்றே மாநிலத்துக்கு 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அத்தை வீட்டுக்குப் பணம் வந்தது, அந்தப் பணம்தான் எட்டு அறையாக எழுந்தது. உழுதவர்கள் வீட்டுக்காரர்களானார்கள். கலப்பை எங்கும் போகவில்லை, போக இடமில்லை. காயலான் கடைக்காரர் கொழுமுனைக்கு விலை சொன்னார், மரத்துக்குச் சொல்லவில்லை. “பழைய இரும்பு, ஈயம், பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிவந்த காலத்திலும் மரத்துக்குப் பழம் கிடையாது.

நாடாளுமன்றம் 2013இல் இயற்றிய நிலமெடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி உண்டு. வீட்டை விட்டுப் போக நேரும் குடும்பத்துக்கு, குடும்பத்தையும் வீட்டுக் கட்டுமானப் பொருளையும் சாமான்களையும் கால்நடைகளையும் கொண்டுபோகும் செலவுக்கு ஒருமுறை 50,000 ரூபாய். எல்லாவற்றையும் ஏற்றிப் போய்விடலாம் என்ற நினைப்பில் எழுதிய வரி. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பரந்தூரில் விமான நிலையம் வரும் என்று 2022இல் அறிவித்ததிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டும் போராடியும் வருகிறார்கள். ஏரியை எந்த வண்டியில் ஏற்றுவது என்று அந்த அட்டவணையில் இல்லை. நான் சொல்லவந்தது தட்டுமுட்டைப் பற்றி. ஆனால் ஊரே காலியாகும்போது எது தட்டுமுட்டு என்பதையே வேறொருவர் முடிவு செய்கிறார்.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. பல்லவர் காலத்துக்கும் மிக முந்திய கற்கருவிகள் வந்தன. சில்லுகளின் குவியலைக் கொண்டு இங்கே கருவி செய்யும் பட்டறையே இருந்திருக்கும் என்றார்கள். ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் பாசிமணிகளும் தங்கத் துணுக்குகளும் வந்தன. கருவியை எடுத்துப்போனார்கள், சில்லை விட்டுப்போனார்கள். மதுவைக் குடித்தார்கள், சாடியைப் போட்டார்கள். தொழிற்பேட்டை என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கை இன்னொன்றும் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மண்ணுக்கு மேலே, தகரக் கதவுக்குள், இரண்டாயிரம் ரூபாய் குக்கர் கிடந்தால் யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை.

வருங்காலத்தில் இந்தக் குவியல்கூட இருக்காது என்று தோன்றுகிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 20 ஏக்கரில், 706 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்து வைத்தார். லைன் வீட்டின் பொதுக் கக்கூஸில் காலை வரிசையில் நின்ற யாரும் அதைக் குறைசொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் விடுதி என்பதன் இயல்பு வேறு. கட்டிலும் மெத்தையும் நிர்வாகத்துடையவை, சமையல் கூடாது, காலி செய்யும்போது அலமாரி வெறுமையாக இருக்க வேண்டும். போன பெண்ணின் பக்கெட் வரும் பெண்ணுக்குக் கிடைக்காது. சுவரில் ஆணி அடிக்க முடியாது. தொல்லியல்காரர்களுக்கு அங்கே வேலை இருக்காது.

டீ குடித்துவிட்டு மரத்தடிக்குக் கிளம்பினோம். ஏரிக்கரை அரசமரம். அடிமரம் எது என்று தெரியாதபடி வேரெல்லாம் படங்கள். உடைந்த சாமியை வீட்டில் வைக்கக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது என்பதால் ஊரே அங்கே கொண்டுவந்து சாய்க்கிறது. முருகன், மேல்மருவத்தூர் அம்மன், வேளாங்கண்ணி மாதா என்று நம்மவர்கள் கீழே. அதற்கு மேலே நாக்கு நீட்டிய காளி, வங்காள எழுத்துக் காலண்டரோடு, காமாக்யா, சீதையும் அனுமனும் சூழ்ந்த ராமன், இந்தி எழுத்தில். கண்ணாடி போனவை, சட்டம் கரையான் தின்றவை, மழையில் முகம் கரைந்தவை. எந்த மாநிலத்திலிருந்து எப்போது ஆள் வந்தது என்பதை அரசமரத்தடி அடுக்கைக் கொண்டே வரிசைப்படுத்திவிடலாம்போல இருந்தது. இந்த ஊர்த் தலபுராணமோ, நாட்டை இழந்த பகீரதன் என்னும் அரசன் இங்கே வந்து முருகனை வணங்கி இழந்ததை மீட்டுக்கொண்டான் என்கிறது. இழந்ததை மீட்க வருகிறவர்கள் மேலே சந்நிதியில் நிற்கிறார்கள். விட்டுப்போனது கீழே ஏரிக்கரையில் சாய்ந்திருக்கிறது.

அத்தை ஜெகந்நாதரைக் கிழக்குப் பார்க்க வைத்தார்.

பங்குனியில் மறுபடி போனேன். ஆறாம் நம்பரில் ஆள் வந்திருந்தது, இருவர், ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர்கள் என்றார் அத்தை. பக்கெட் வெளியே வெயிலில் இருந்தது, கம்பிக்கு மேல் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது அவர்களில் சின்னவன் கையில் எதையோ துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். ஏரிப் பக்கம் குளிக்கப் போனவன். பிரித்துக் காட்டினான். நான் நோட்டில் எழுதி வைத்திருந்த அதே படம், சட்டத்தின் ஒரு மூலை மட்டும் விட்டிருந்தது.

அத்தை அவனையும் படத்தையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

“அக்கா, ஒரு ஆணி வேணும்” என்றான் அவன்.

“ஆணி அங்கியே கீது, போ.”